எந்த வரியில்?

2023 ஜனவரியில் இந்தப் பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுதிக்கு நான் எழுதிய மதிப்புரையைப் பற்றி மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது. அதைப் பேசுவதற்கு, நத்தத்தில் எங்கள் வங்கிக் கிளையின் பின்னறையில் ஒரு சர்வர் எழுந்திருக்க மறுத்த கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது நான் நினைக்கவில்லை. இப்போது இரண்டும் ஒரே விஷயம்தானோ என்று தோன்றுகிறது.

தொகுதியை எழுதியவர் நத்தத்தில் ரெடிமேட் சட்டை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்ப்பவர். எங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர். முதல் புத்தகம், சொந்தச் செலவில் போட்டது. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'சொந்தக் காலில் நிற்காத கவிதைகள்', 'அனுபவத்தின் வேர் இல்லை', 'கவிதை நிகழவே இல்லை' என்ற மாதிரியான வாக்கியங்கள். இவற்றை எழுதுவது சுலபம். நம் பத்திரிகைகளில் இவற்றுக்கு ஒரு மவுசும் உண்டு. எழுதியவன் தயவு தாட்சண்யம் பார்க்காதவன் என்ற பெயர் கிடைக்கும். இதழ் வந்து இரண்டு வாரம் கழித்து அவர் பாஸ்புக் பதிய வந்தார். பதிந்து கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "படிச்சேன் சார். எந்த வரியில நிக்காமப் போச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நல்லாருந்திருக்கும்" என்றார். குரலில் கோபம் தெரியவில்லை. நான் 'மொத்தப் பாதிப்பு' என்று ஏதோ சொன்னேன். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. "சரிங்க சார்" என்று போய்விட்டார்.

அந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவிஞர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் என்று தள்ளிவிட்டேன்.

*

நான் ஆங்கில இலக்கியம் படித்த பி.ஏ. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஆனால் கிளையில் வயதில் இளையவன் என்பதால் அந்தத் துறை என் தலையில் விழுந்தது. முப்பத்தாறு வயதில் ஒருவன் இளையவனாக இருப்பது வங்கியில்தான் சாத்தியம்.

வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை நீளமானது. ரங்கராஜன் குழுவின் அறிக்கை 1984இல் வந்தது. இயந்திரமயம் பற்றி வங்கி நிர்வாகங்களின் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் 1983, 1987, 1993 ஆகிய ஆண்டுகளில் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. எங்கள் கிளையிலிருந்து ஓய்வு பெற்ற ஹெட் காஷியர் ஒருவர் மாதம் ஒருமுறை பென்ஷன் விஷயமாக வருவார். அவரை அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தக் காலத்தைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒப்பந்தங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்வார். கேபிளைப் பற்றி நிறையச் சொல்வார்.

1990களின் நடுவில் அவர் வேறு ஊரில் வேலை பார்த்த கிளையில், கவுண்டரில் இருந்த பெட்டிகளுக்கு வட்டே கிடையாதாம். ஃபிளாப்பி செருக வழி இல்லாவிட்டால் வைரஸும் உள்ளே வராது, கணக்கும் வெளியே போகாது என்பது யோசனை. நெட்வொர்க் அட்டையில் ஒரு சின்னச் சில்லு இருக்கும். காலையில் பெட்டியைப் போட்டால் அந்தச் சில்லு, தனக்கு உயிர் கொடுப்பார் யாரேனும் உண்டா என்று கம்பியில் கூவும். நாவெல் நெட்வேர் ஓடுகிற சர்வர் ஒரு கோப்பை அனுப்பும். அதை வாங்கிக்கொண்டு பெட்டி எழுந்திருக்கும். எல்லாப் பெட்டிகளும் ஒரே கேபிளில் பூச்சரம் மாதிரி கோத்திருக்கும். கேபிளின் இரண்டு நுனியிலும் 50 ஓம் மூடி ஒன்று இருக்க வேண்டும். ஒன்று கழன்றாலும் சரம் முழுவதும் ஊமையாகிவிடும். ஒரு நாள் அப்படித்தான் ஆயிற்று.

"சர்வர் போச்சுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம் தம்பி. ரெண்டு நாளா அதை அழிச்சு அழிச்சு எழுதுனோம். மூணாம் நாள் கூட்டுற அம்மா அந்த மூடியைக் கொண்டாந்து, இது மேசைக்குக் கீழ கெடந்துச்சுங்க, வேணுமான்னு கேக்குது."

இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே பல தடவை கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

*

இப்போது வாடிக்கையாளர்களின் கணக்குகள் கிளையில் இல்லை. எங்கோ தொலைவில் பெரிய மையத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கே போகிற வாசலைத் திறந்துவிடுவது பின்னறைச் சர்வர்கள்தான். எங்களிடம் இரண்டு சர்வர்கள். இரண்டுக்கும் வட்டு கிடையாது. பக்கத்தில் ஒரு சேமிப்புப் பெட்டி. அதில் வட்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். சர்வர்கள் இரண்டும் நெட்வொர்க் வழியாக அந்தப் பொதுப் பெட்டியிலிருந்துதான் காலையில் உயிர் பெறுகின்றன. இதற்கு நியாயமான காரணம் உண்டு. இயந்திரத்தில் அடிக்கடி கெட்டுப் போகிற பாகங்களில் வட்டும் ஒன்று. எல்லா வட்டுகளையும் ஒரே இடத்தில் வைத்து, ஒன்றின் பிரதியை இன்னொன்றில் எழுதி வைத்தால், ஒன்று போனாலும் வேலை நிற்காது. சர்வரே போனாலும் வேறொரு சர்வரைக் கொண்டுவந்து வைத்து, பழையதன் வட்டை அதற்குக் காட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. காலையில் மின்சாரம் வரும்போது சர்வரிடம் சொந்தமாக எதுவுமே இல்லை. 'பூட்' என்ற சொல்லே, பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்கிற மனிதனைப் பற்றிய ஆங்கிலக் கேலியிலிருந்து வந்தது. வட்டில்லாத இயந்திரத்துக்கு அந்த வார்கூட வேறொருவர் கையில் இருக்கிறது. அது எழுந்திருப்பது ஒரு தனிச் செயல் அல்ல, ஒன்றன் தோளில் ஒன்று நிற்கிற பல செயல்கள். முதலில் நெட்வொர்க் அட்டையில் பொறித்திருக்கிற சிறு நிரல் விழிக்க வேண்டும். அதற்கு ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரியோடு போய்ச் சேமிப்புப் பெட்டியின் கதவைத் தட்டித் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெட்டி தன் பட்டியலைப் பார்த்து அதற்குரிய வட்டைக் காட்ட வேண்டும். வட்டின் ஆரம்பத்திலிருந்து கெர்னல் என்கிற மூல நிரல் நினைவகத்துக்கு வர வேண்டும். இதற்குப் பிறகுதான் வேடிக்கை: கெர்னல் எழுந்ததும், அதுவரை தூக்கிவந்த சிறு நிரல் கையை விட்டுவிடும். கெர்னல் தானே அட்டையை அடையாளம் கண்டு, தானே போய், அதே கதவை இரண்டாம் தடவை தட்ட வேண்டும்.

சேமிப்புப் பெட்டி பட்டியல் பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நத்தத்துக்காரர்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. ஊர்ப் பெயராக மட்டுமில்லாமல் வருவாய்த் துறைச் சொல்லாகவும் நத்தம் என்றால் ஊரார் குடியிருக்கிற நிலம். நிலம் ஒரே பரப்பு; அதில் இன்னார் வீட்டுமனை இது என்று சொல்வது பட்டா. வீட்டுக் கடனுக்கு வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஒரே மனைக்கு இரண்டு பேருக்குப் பட்டா கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். பொதுச் சேமிப்பிலும் அதே கதை. சாதாரணமான கோப்பு முறை, வட்டுக்குத் தான் ஒருவனே சொந்தக்காரன் என்ற நம்பிக்கையில் எழுதுகிறது. இரண்டு இயந்திரங்கள் ஒரே வட்டை ஒரே நேரத்தில் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டால், ஒன்று எழுதியதன் மேல் இன்னொன்று எழுதி, இருவருக்கும் இல்லாமல் போகும். ஆகவே பெயர் பட்டியலில் இல்லாதவனுக்குக் கதவு திறக்காது.

*

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. மாசித் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. காலை ஒன்பதே முக்காலுக்கு மூன்று கவுண்டர்களும் இருட்டு. வெளியே நாற்பது பேராவது இருப்பார்கள்: நகைக் கடன், சம்பளம், முதியோர் பென்ஷன். பின்னறையில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் திரையில் கறுப்பில் நாலு வரி வெள்ளை எழுத்து.

உடனே விமர்சனம் ஆரம்பமாயிற்று. வேறு சொல் தெரியவில்லை. சர்வர் போச்சு என்றார் ஒருவர். யு.பி.எஸ். சரியில்லை என்றார் மற்றவர். மேனேஜர், சென்னையில் லைன் இல்லை என்றார். பழைய பெட்டிகளே தேவலை, இந்த மாதிரி இரவல் வாங்கிப் பிழைக்கிற இயந்திரம் என்றைக்கும் உருப்படாது என்றார் இன்னொருவர். எல்லாமே தீர்ப்புகள். திரையில் இருந்த நாலு வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. நானும் வாசிக்கவில்லை.

பராமரிப்புக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினார். முகம் பார்த்ததில்லை, குரலை வைத்து என்னைவிட இளையவர் என்று நினைக்கிறேன்.

"மேடம், சர்வர் ஒண்ணுமே வரலை."

"ஒண்ணுமே வரலைன்னு ஸ்கிரீன்ல எழுதியிருக்கா சார்?"

"இல்லை..."

"என்ன எழுதியிருக்குன்னு படிங்க. முதல் வரியிலேர்ந்து. புரியலைன்னாலும் பரவாயில்லை, அப்படியே படிங்க."

எனக்கு முகம் சுட்டது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் தன் மாணவர்களுக்கு ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை வைத்து 1929இல் ஒரு புத்தகம் போட்டார். நன்றாகப் படித்த பிள்ளைகள் கவிதையில் என்ன இருக்கிறது என்பதையே பார்க்காமல் எப்படியெல்லாம் அபிப்பிராயம் சொல்கிறார்கள் என்பதுதான் அதன் அதிர்ச்சி. கல்லூரியில் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். இங்கே நாலு வரியை வாசிக்காமல் 'ஒன்றும் வரவில்லை' என்கிறேன்.

வாசித்தேன். அட்டையின் பெயர். அதன் முகவரி. சேமிப்புப் பெட்டியின் முகவரி. கடைசி வரியில் உள்ளே நுழைய முடியவில்லை என்றும் ஒரு எண்ணும்: 0202.

"அப்ப பெட்டி உயிரோட இருக்கு, கேபிளும் இருக்கு. பேசியிருக்காங்க, பதில் சொல்லியிருக்கு. சரி, கடைசியா நல்லா ஓடினது எப்ப? அதுக்கப்புறம் யார் என்ன தொட்டாங்க?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. விடுமுறைச் சனிக்கிழமையன்று யு.பி.எஸ். பாட்டரி மாற்றும்போது சர்வரின் நெட்வொர்க் அட்டை செத்துப் போயிற்று. வந்த பையன் வேறு கம்பெனி அட்டை ஒன்றைச் செருகி, முகவரிகளை எழுதிவிட்டு, மதுரை பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டான். அதை நாங்கள் யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

*

அந்த எண்ணைப் பற்றி அந்தப் பெண் போனில் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

நெட்வொர்க் வழியாக வட்டை எடுத்துக்கொள்வதற்கு ஐஸ்கஸி என்றொரு நெறி இருக்கிறது. ஆர்.எஃப்.சி. 3720 என்ற ஆவணமாக 2004 ஏப்ரலில் வெளிவந்தது. 2014இல் 7143 என்ற ஆவணம் அதன் இடத்துக்கு வந்தது. கதவைத் தட்டுகிறவனைச் சேமிப்புப் பெட்டி திருப்பி அனுப்பும்போது ஒரு எண் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அதில் உள்ள விதி. 0201 என்றால்: நீ யாரென்று சொல்கிறாயோ அவன்தான் என்பதை நீ நிரூபிக்கவில்லை. 0202 என்றால்: உனக்கு இங்கே அனுமதி இல்லை, என் பட்டியலில் நீ இல்லை. 0203 என்றால்: நீ கேட்கிற பொருளே இங்கே இல்லை.

வெளியே நிற்கிறவனுக்கு மூன்றும் ஒன்றுதான், கதவு திறக்கவில்லை. ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்குக் கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவதற்குப் பெயரையும் பட்டியலையும் ஒப்பிட வேண்டும். மூன்றாவதற்குப் பொருள் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். மூன்றையும் 'வரலை' என்று சொல்கிறவன் கடைசியில் அண்ணன் கிளையில் நடந்த மாதிரி நல்ல சர்வரை அழித்து அழித்து எழுதுவான்.

எங்கள் விஷயத்தில் குறை இரண்டாவது வகை. பையன் முகவரியைச் சரியாக எழுதியிருந்தான், பெயரை எழுதவில்லை. பெயர் எழுதாவிட்டால், அந்த அட்டை தன்னைச் செய்த கம்பெனி வைத்த பெயரையே சொல்லும். பட்டியலில் இருந்ததோ பழைய பெயர். அந்த ஆவணத்திலேயே ஒன்று தெளிவாக இருக்கிறது: பெயர் அட்டைக்கு உரியதில்லை, இயந்திரத்துக்கு உரியது, அட்டை மாறினாலும் பெயர் மாறக்கூடாது. ஆகவே பட்டியலைத் தொட வேண்டாம், பழைய பெயரையே புது அட்டைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார் அந்தப் பெண்.

எழுத்தெழுத்தாகச் சொன்னார், அடித்தேன். ஒரு ஆண்டு, ஒரு மாதம், தலைகீழாக எழுதிய ஒரு இணையப் பெயர், புள்ளிகள், சிறு கோடுகள். திரும்ப எழுப்பினோம். மறுபடி 0202. மேனேஜர் கையை விரித்தார். "வாசிங்க சார்" என்றார் அந்தப் பெண். சிறு கோடு வர வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருந்தேன். பத்து வருஷமாக இந்தப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கிறவன்.

திருத்தினேன். கதவு திறந்தது. கெர்னல் வந்தது. திரை நிறைய எழுத்துகள் ஓடின. வெளியே யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாம் நின்றது. மூல வட்டு காணவில்லை என்று ஒரு வரி.

"பார்த்தீங்களா, இதுக்குத்தான் நோண்ட வேணாம்னேன். பழையபடி வச்சிருங்க" என்றார் மேனேஜர்.

போனில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் குரலில் சந்தோஷம். "நல்லது சார். வரி நகர்ந்திருக்கு."

ஒரு குறையை நீக்கியதும் இன்னொரு குறை தெரிந்தால் முதல் வேலை வீண் என்று நினைப்பது மனித சுபாவம். ஆனால் முன்னால் ஐந்தாம் படியில் நின்றது இப்போது ஏழாம் படியில் நிற்கிறது. இடையில் இருந்த படிகள் சரியென்று ருசுவாகிவிட்டது. இரண்டாவது குறை சனிக்கிழமையிலிருந்தே அங்கே காத்திருந்தது. அதுவரை போகாததால் தெரியவில்லை. கெர்னல் தன்னோடு ஒரு சிறு பொதியைக் கொண்டுவருகிறது. முழு வட்டும் கைக்கு வரும்வரை அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க, அந்தப் பொதியில் அந்த இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் கட்டியிருப்பார்கள். எங்கள் பொதியில் பழைய அட்டையின் டிரைவர் இருந்தது. புது அட்டையினுடையது இல்லை. சிறு நிரல் கையை விட்டதும் கெர்னல் குருடாகிவிட்டது.

ஆபத்துக்கு என்று எல்லா டிரைவர்களையும் கட்டிவைத்த இன்னொரு பொதி பட்டியலின் அடியில் இருக்கும் என்றார். மூன்றாம் வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். எழுந்துவிட்டது. எழுந்ததும் ஒரே ஒரு கட்டளையில் புது அட்டைக்குப் பொருந்துகிற பொதியைக் கட்டி, மறுபடி அணைத்து, யார் துணையும் இல்லாமல் எழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனை வைத்தார். மணி ஒன்று நாற்பது.

*

வரிசையில் மிச்சமிருந்தவர்களில் ஒரு பாட்டி. புளி தட்டுகிற வேலை செய்கிறவர். கோட்டை நீக்கிக் கொட்டை எடுத்து எடுத்து, விரல் ரேகை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. பென்ஷன் எடுக்க விரலை வைத்தார். பொருந்தவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பொருந்தவில்லை.

"வரலை ஆத்தா. நாளைக்கு வாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவரே முந்திக்கொண்டார்: "இந்த மாசமும் பணம் வரலையாய்யா? நிறுத்திப்புட்டாகளா?"

இரண்டு மாதமாக அவர் அப்படி நினைத்துக்கொண்டுதான் திரும்பிப் போயிருக்கிறார். சர்வர் எழவில்லை, விரல் பொருந்தவில்லை, பணம் இல்லை: நாங்கள் எல்லாவற்றுக்கும் சொல்கிற ஒரே வார்த்தை 'வரலை'. அவருக்குச் சொல்ல வேண்டியது 0201. நான் சொன்னது அவர் காதில் 0203 ஆக விழுந்திருக்கிறது. பணம் அவர் பெயரில் பத்திரமாக இருந்தது. அவர் அவர்தான் என்பதைத்தான் எங்கள் கருவியால் வாசிக்க முடியவில்லை. இரண்டு மாதம் அவர் கடைக்குக் கடன் சொல்லியிருப்பார். யாரிடம் என்னவெல்லாம் கேட்டிருப்பாரோ.

பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னேன். இடது கைச் சுண்டு விரல் பொருந்தியது. பாஸ்புக்கின் உள் அட்டையில் 'இடது சுண்டு விரல்' என்று எழுதிக் கொடுத்தேன். பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "அப்ப நிறுத்தலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

*

அன்று இரவு அந்த மதிப்புரையை எடுத்து வாசித்தேன், முதல் வரியிலிருந்து.

இந்த மாவட்டத்துக்கு விமர்சனத்தில் ஒரு சரித்திரம் உண்டு. வத்தலகுண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்து, நல்லது கெட்டது என்று பட்டியல் போடுவதோடு நிற்காமல், படைப்பைப் பிரித்துப் பார்த்து எந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும் என்றார். அதற்கு அலசல் என்று பெயர். அவருடைய அலசல் சில சமயம் அலுப்பூட்டும் என்பது உண்மை. நாங்கள் கல்லூரி முடித்த காலத்தில் அதைக் கேலி செய்வது ஒரு நாகரிகமாக இருந்தது. ரசனை உள்ளவனுக்கு அலசல் எதற்கு, ஒரு வாக்கியம் போதாதா என்போம். என் ஒன்றரைப் பக்கத்தில் அந்தக் கவிதைகளிலிருந்து மேற்கோளாக ஒரு வரிகூட இல்லை. எந்தக் கவிதை எந்தப் படிவரை வந்து நின்றது என்ற தகவல் இல்லை. அதை மதிப்புரை என்று அச்சிட்டோம்.

அதில் ஒரு கவிதைக்குக் 'கழுமரம்' என்று தலைப்பு. வழுக்குகிற மரத்தில் ஏறி ஏறிச் சறுக்குகிற ஒருவனைப் பற்றியது. நான் எழுதியிருந்தது: 'காம்யுவின் சிசிஃபஸ், மொழிபெயர்ப்பு வழியாக வந்த நிழல். வேர் இல்லை.' காம்யு அந்தக் கட்டுரை நூலை 1942இல் வெளியிட்டார் என்பது எனக்குத் தெரியும். நத்தம் மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஒரு செய்தியாக. நாலு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன். திருவிழாக் கூட்டத்துக்குப் பயந்து ஒவ்வொரு வருஷமும் லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போய்விடுவேன்.

அந்தக் கவிதை சரியான கதவைத் தட்டித்தான் பெயரைச் சொல்லியிருக்கிறது. என் பட்டியலில் இருந்தவை கல்லூரியில் ஏற்றிய பெயர்கள். அவற்றில் இது இல்லை. இல்லாததால் எனக்குத் தெரிந்த ஒரு பெயரை அதற்குச் சூட்டி, போலி என்று திருப்பி அனுப்பினேன். 0202 என்று நான் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்: என் பட்டியலில் நீ இல்லை. அதற்குப் பதில் 0203 என்று அச்சில் எழுதினேன்: இங்கே கவிதையே இல்லை. சொந்தக் காலில் நிற்கவில்லை என்ற குற்றச்சாட்டும் அபத்தம். பொதுக் களஞ்சியத்திலிருந்து எழுந்திருப்பது எந்தக் கவிதைக்கும் குறையாகாது. எந்தக் களஞ்சியம், எந்தப் படி, அங்கே பிடி கிடைத்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

அந்த வருஷம் நான் மதுரைக்குப் போகவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட்டத்தில் போய் நின்றேன். ஒருவன் தோளில் ஒருவன் கால் வைத்து ஏறினார்கள். மேலே இருப்பவன் மரத்தைப் பிடித்துக்கொண்டான் என்று கீழே இருப்பவன் நம்புகிற ஒரு கணம் இருக்கிறது. அங்கேதான் பெரும்பாலும் எல்லோரும் சரிந்து விழுகிறார்கள். விழுந்தவர்களை யாரும் குறை சொல்லவில்லை. எந்த இடத்தில் பிடி விட்டது என்று கை நீட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அடுத்த தடவை அந்த இடத்தில் கவனமாக இருந்தார்கள்.

*

இந்தக் கட்டுரையை அந்த மதிப்புரைக்கான வாபஸாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொகுதி சிறந்தது என்று நான் சொல்லவில்லை. மறுபடி வாசித்ததில், இருபத்தெட்டுக் கவிதைகளில் ஒன்பது எனக்குத் தேறுகின்றன. மற்றவற்றில் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று பென்சிலில் குறித்திருக்கிறேன்.

போன வாரம் அவர் பட்டறைச் சம்பளம் எடுக்க வந்தபோது புத்தகத்தை மேசையில் விரித்துக் காட்டினேன். 'கழுமரம்' பத்து வரிவரை ஏறுகிறது. பதினோராவது வரியில் 'வாழ்க்கை' என்ற சொல் வருகிறது. அந்த இடத்தில் கை வழுக்கிவிட்டது, அந்த வரி வேண்டாம் என்றேன். குனிந்து வெகு நேரம் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது.

"இல்ல சார். எங்க அண்ணன் விழுந்தப்ப அந்த வார்த்தையைத்தான் சொன்னான். அது அங்க இருக்கணும்" என்றார்.

எனக்கு இன்னும் சம்மதமில்லை. அந்தச் சொல் அண்ணனுடைய குரலாகக் கவிதையில் கேட்கவில்லை என்பது என் கட்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பேசுவதாக இருக்கிறோம்.